முற்றத்துப் பைப் ஒழுகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவுக்குள் நிற்கிற பைப், அதாவது தண்ணீர் திறந்து பூட்டுகிற குழாய்வாய், ஒழுகத் தொடங்கினால் எங்கள் வன்னிப் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முதல் கிழமை இறுக்கிப் பூட்டுவது, அடுத்த கிழமை இன்னும் இறுக்கிப் பூட்டுவது, பிறகு கீழே ஒரு வாளி வைப்பது, கடைசியில் கைப்பிடி கையோடு கழன்று வந்தபிறகு ஹாட்வெயாருக்கு ஓடுவது. வாளி வைக்கிற கட்டத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரந்தன், மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, எங்கே போனாலும் கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான்.

அண்ணை, பைப் ஒழுகுது. புதுசு வாங்க வேணுமோ, திருத்தலாமோ?

எங்கே ஒழுகுது என்று முதலில் பாருங்கள். கேட்டவுடன் சிரிப்பு வரும், ஆனால் பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் "பைப்பிலதான்" என்று மட்டுந்தான் சொல்வார்கள். பைப்பை நன்றாகப் பூட்டி, பழைய துணியால் முழுக்கத் துடைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து விரலால் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பாருங்கள். வாயால் சொட்டினால் உள்ளே தண்ணீரை அடைக்கிற ரப்பர் வில்லை, அதாவது வாசர், தேய்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழால் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. பைப்பும் குழாயும் சேருகிற திரெட்டில் (திருகுப் புரியில்) ஈரம் வந்தால் பைப்பில் பிழையே இல்லை, பொருத்தினதில்தான் பிழை. உடம்பில் வெடிப்பு இருந்தால், சரி, அப்போது மட்டும் புதிது வாங்குங்கள்.

முதல் மூன்றுக்கும் ஆகிற செலவு ஒரு தேத்தண்ணிக் காசுக்குக் கிட்டத்தான். கடைக்காரர் புதுப் பைப்பைத்தான் எடுத்து முன்னால் வைப்பார், அது அவருடைய வேலை.

இறுக்கிப் பூட்டினால் நிக்குதே, அப்படியே விட்டால் என்ன?

திருகிற பைப்பின் உள்ளே ஒரு பித்தளை வாய் இருக்கிறது. தண்டின் நுனியில் இருக்கிற ரப்பர் வாசர் அந்த வாயில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும். ரப்பர் காய்ந்து, அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்தபிறகு அதை எவ்வளவு அழுத்தினாலும் கொஞ்ச நாள்தான் அடைக்கும். ரப்பர் முழுக்கத் தேய்ந்து போனால் பித்தளையும் பித்தளையும் உரசத் தொடங்கும், அந்த வாயில் கீறல் விழும். அதன் பிறகு புது வாசர் போட்டாலும் சரிவராது. ஆக, இறுக்கிப் பூட்டுகிற ஒவ்வொரு முறையும் வாசர் விலையில் முடிகிற வேலையைப் பைப் விலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: தண்ணீர் நிற்கிற இடத்தில் கையை எடுக்க வேண்டும்.

என்னென்ன சாமான் வேணும்?

வாயைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்பானர் போதும், சைக்கிள் திருத்துகிறவரிடமே வாங்கிக்கொள்ளலாம். ஒன்றைப் பிடித்து மற்றதைத் திருக இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. அதோடு ஒரு ஸ்குறூ ட்றைவர், ஒரு குறடு, திரெட் சீல் என்று கேட்டால் தருகிற வெள்ளை ரேப் ஒரு சுருள். வாசர் வாங்கப் போகும்போது பழைய வாசரைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். "அரை இஞ்சி" என்று மட்டும் சொன்னால் கடையில் இருக்கிற இரண்டு மூன்று விதத்தில் ஏதோ ஒன்று வரும். வன்னியில் ஹாட்வெயார் கடை ஒன்றும் முடக்குக்கு முடக்கு இல்லை, திரும்பப் போய் வருகிற பெற்றோல் காசு வாசரை விடக் கூட.

தண்ணியை எங்க பூட்டுறது? எங்கட வீட்டில வால்வே இல்லை.

வேலை எல்லாவற்றையும் குழப்புவது இந்தக் கேள்விதான். வீட்டுத்திட்ட வீடு கிடைத்த பிறகு தாங்களே தாங்கி வைத்து, கையில் காசு வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் இழுத்த வீடுகளில் தாங்கிக்குக் கீழே ஒரு வால்வு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த ஒன்றும் வட்டக் கைப்பிடி உள்ள கேட் வால்வு என்றால் வருடக்கணக்காகத் திருகாமல் இறுகிப்போய் நிற்கும். அதைக் குறடு போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்தால் முற்றத்துப் பைப்பின் பிரச்சினை முழு வீட்டின் பிரச்சினையாகிவிடும்.

வால்வு இல்லாத வீட்டில் ஆகவும் சுகமான வழி, தாங்கி வற்றுகிற நேரத்தைப் பார்த்து வேலையை வைப்பது. மோட்டர் போடுவதற்கு முன், காலையில். குசினிக்கு இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தென்னம்பிள்ளைக்குத் திறந்து விடுங்கள்.

பிறகு முற்றத்துக்குப் பிரிகிற குழாயில் ஒரு போல் வால்வு (உள்ளே உருண்டை உள்ள வால்வு) போட்டுவிடுங்கள். கால் சுற்றில் பூட்டுகிற, கைப்பிடி உள்ள சாதாரண பிவிசி வால்வு போதும். இதில் எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். அது இருந்தால் முற்றத்துப் பைப்பை எப்போதும் ஆறுதலாகக் கழற்றலாம், வீட்டுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை சும்மா ஒருக்கால் பூட்டித் திறந்தால் இறுகாது.

வாசர் மாத்துறதை ஒழுங்காச் சொல்லுங்கோ.

தண்ணீரைப் பூட்டி, பைப்பைத் திறந்து குழாயில் நிற்கிற மிச்சத்தை வடிய விடுங்கள். பைப்பைப் பாதி திறந்த நிலையிலேயே வையுங்கள், பூட்டிய நிலையில் தலையைக் கழற்றினால் தண்டு வாயில் அழுத்தி நிற்கும், கழலவும் கஷ்டம், திரெட்டுக்கும் கூடாது. கைப்பிடிக்குக் கீழே, உடம்போடு சேர்கிற இடத்தில் பெரிய ஆறு பக்க நட் ஒன்று தெரியும். அதில் ஸ்பானரைப் போட்டு மணிக்கூட்டு முள் போவதற்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும். இங்கேதான் கவனம் தேவை: ஒரு கையால் நட்டைத் திருகும்போது மற்றக் கையால், அல்லது இரண்டாவது ஸ்பானரால், பைப்பின் உடம்பை அசையாமல் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட் சுற்றாது, முழுப் பைப்பும் சுற்றும், அதோடு பின்னால் இருக்கிற பிளாஸ்ரிக் எல்போ (வளைவுப் பொருத்து) வெடிக்கும். பிறகு சுவரை உடைக்க வேண்டி வரும்.

நட் கழன்றால் தலை முழுக்க வெளியே வரும். அதன் அடியில் சின்னத் தண்டோடு வாசர் இருக்கும். சிலதில் ஒரு சின்ன நட் அல்லது ஸ்குறூ அதைப் பிடித்திருக்கும், சிலதில் சும்மா செருகியிருக்கும். சில பைப்பில் அந்தத் துண்டு தலையோடு வராமல் உடம்புக்குள்ளேயே இருந்துவிடும், விரலைவிட்டு எடுங்கள். பழைய ரப்பரை எடுத்து, அது இருந்த இடத்தை ஊத்தை போகத் துடைத்து, புதியதைப் போடுங்கள். உடம்புக்குள் எட்டிப் பார்த்து, அந்தப் பித்தளை வாயில் மண், கல், வெள்ளைப் படிவு இருந்தால் துணியைச் சுண்டுவிரலில் சுற்றித் துடையுங்கள். பிறகு தலையைக் கையால் திருகி ஏற்றி, ஸ்பானரால் கொஞ்சம் இறுக்கி, தண்ணீரை மெல்லமாகத் திறந்து விடுங்கள்.

வாசலின், தேங்காயெண்ணெய் ஒன்றும் பூசாதீர்கள். எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வாசர் கிடைக்கேல்லை. ரியூப்பில வெட்டிப் போடலாமோ?

அவசரத்துக்கு லொறி ரியூப்பில் வெட்டிப் போடலாம், சைக்கிள் ரியூப் மெல்லிசு, பத்தாது. பழைய வாசரை வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும், ஓரம் பிசிறாக இருந்தால் அடைக்காது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கையில் கிடைத்த ரப்பரில் எல்லாம் இப்படி வெட்டிப் பழகின ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் வெட்டினால் கடைச் சாமானை விட நன்றாக இருக்கும். ஆனால் இப்போது கடை இருக்கிறது. நாலைந்தாக வாங்கி ஒரு போத்தலில் போட்டு வையுங்கள்.

புது வாசர் போட்டும் சொட்டுது.

வாசரின் அளவு பிழையாக இருக்கலாம். அது சரி என்றால் பித்தளை வாய் கீறியிருக்கிறது. நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள், நகம் ஓரிடத்தில் தடக்கும். அதைத் தேய்த்து மட்டமாக்குகிற சின்னக் கருவி ஒன்று பிளம்பர்மாரிடம் இருக்கும். பைப் பழைய காலத்துக் கனமான பித்தளை என்றால் அதைச் செய்விக்கலாம், லேசான மலிவுப் பைப் என்றால் கூலி கொடுப்பதை விடப் புதிதை வாங்குவது மேல்.

திறந்தால் கைப்பிடியடியால தண்ணி சீறுது, பூட்டினால் நிக்குது.

இதுதான் எல்லாவற்றிலும் சுகமான வேலை, ஆனால் இதற்குத்தான் நிறையப் பேர் பைப்பையே மாற்றுகிறார்கள். தண்டைச் சுற்றி இருக்கிற சின்ன நட்டை மணிக்கூட்டு முள் போகிற பக்கம் கால் சுற்று இறுக்குங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் தண்ணீரைப் பூட்டி, கைப்பிடியையும் அந்த நட்டையும் கழற்றி, வெள்ளை ரேப்பைக் கயிறு மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே அமத்தி, நட்டைத் திரும்பப் போடுங்கள். கைப்பிடி திருக முடியாதளவுக்கு இறுக்கக் கூடாது. புதிய பைப்புகளில் அந்த இடத்தில் ஓ ரிங் இருக்கும், அதைக் கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்கிப் போடலாம்.

எங்கட பைப் திருகிறது இல்லை, கைப்பிடியை இப்படி அப்படித் திருப்பிறது. அதுக்கும் வாசர் இருக்கோ?

இல்லை. கால் சுற்றில் திறக்கிற அந்த லீவர் பைப்புக்குள் துளை போட்ட ஒரு உருண்டை இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் வெள்ளை நிற வளையம். கிணற்று மண் அதற்குள் புகுந்து வளையத்தைக் கீறினால் சொட்டும், அதைத் திருத்துவது பிரயோசனமில்லை. கைப்பிடி அடியில் கசிந்தால் மட்டும் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள், கீழே ஒரு நட் இருக்கும், கொஞ்சம் இறுக்கலாம். மற்றப்படி மாற்ற வேண்டியதுதான். அதிலும் பாதி திறந்தபடி விட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிற வீடுகளில் இந்தப் பைப் சீக்கிரம் பழுதாகும். அது முழுக்கத் திறக்க, முழுக்கப் பூட்ட என்று செய்தது.

சுவரோடு சேருற இடத்தில ஈரம். பைப்பைக் கழட்டிப் பூட்டினால் சரியோ?

ரேப் சுற்றாமல் பூட்டினால் சரிவராது. பழைய பைப்பைக் கழற்றுங்கள், பின்னால் இருக்கிற பொருத்தை மற்ற ஸ்பானரால் பிடித்துக்கொண்டு. திரெட்டில் ஒட்டியிருக்கிற பழைய ரேப்பைக் குண்டூசியால் கிளறி எல்லாம் எடுத்துவிட வேண்டும், பழையதற்கு மேல் புதியது சுற்றினால் பிடிக்காது. பிறகு திரெட்டின் வாய் உங்களைப் பார்க்கிற மாதிரிப் பிடித்து, மணிக்கூட்டு முள் போகிற பக்கமாக இழுத்து இழுத்துப் பத்துச் சுற்று. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பைப்பைப் பூட்டும்போது ரேப் உருண்டு வெளியே வந்துவிடும். கடையில் கிடைக்கிற மெல்லிய ரேப் என்றால் இரண்டு மூன்று சுற்றுக் கூடப் போனாலும் பிழையில்லை.

இப்போது முக்கியமான விசயம். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் உலோகத் திரெட் பிளாஸ்ரிக் பொருத்துக்குள் போகிறது. உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது, பிளாஸ்ரிக்தான் விரிந்து வெடிக்கும், அதுவும் உடனே வெடிக்காமல் இரண்டு மாதம் கழித்து நடுச்சாமத்தில் வெடிக்கும். ஆகவே கையால் போகிற வரைக்கும் திருகி, அதன் பிறகு ஸ்பானரால் ஒரு சுற்று, கூடிப்போனால் ஒன்றரை. வாய் கீழ்நோக்கி வராமல் கொஞ்சம் சரிந்து நிற்கிறது என்று திருப்பி அவிழ்த்தால் அடைப்புப் போய்விடும். அப்படியானால் கழற்றித் திரும்ப ரேப் சுற்றித்தான் பூட்ட வேண்டும்.

சணலும் பெயின்ற்றும் ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாய்க்குச் சரி. பிளாஸ்ரிக்குச் சணல் சுற்றினால் அது ஊறிப் பருத்து வெடிக்க வைக்கும்.

புதிதாகக் குழாய் இழுப்பவர்கள் பைப் வருகிற இடத்தில் உள்ளே பித்தளைத் திரெட் உள்ள எல்போவைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கதை அதோடு முடியும்.

கழட்டேக்க பைப்பின்ர திரெட் முறிஞ்சு உள்ளுக்கே நிக்குது!

பதட்டப்படாதீர்கள். இரும்பு வெட்டுகிற வாளின் அலகை மட்டும் கழற்றித் துணி சுற்றிப் பிடித்து, முறிந்து நிற்கிற வளையத்தின் உட்பக்கத்தை மெல்ல அறுங்கள், பொருத்தின் திரெட்டில் முட்டுவதற்கு முன் நிறுத்த வேண்டும். எதிர் எதிராக இரண்டு இடத்தில் அறுத்தால் ஸ்குறூ ட்றைவரை அதில் மாட்டித் திருகி எடுக்கலாம், அல்லது குறட்டால் உள்நோக்கி மடக்கி எடுக்கலாம். பொருத்துக் கீறுப்பட்டால் அதை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

எந்தப் பைப் வாங்கலாம்?

கையில் தூக்கிப் பாருங்கள், திரெட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாக, கனமாக இருந்தால் பித்தளை. வெளியே பளபளவென்று, உள்ளே சாம்பல் நிறமாக, லேசாக இருந்தால் துத்தநாகக் கலப்பு. மேலே கேட்டவரின் பைப் முறிந்ததும் அநேகமாக அந்த வகைதான். பூநகரிப் பக்கம், முல்லைத்தீவுக் கரையோரம் என்று உவர்த்தண்ணீர் உள்ள இடங்களில் அது கெதியாக அரித்துப்போகும். அங்கே நல்ல தடிப்பான பிளாஸ்ரிக் பைப்பே நல்லம், உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயில் செய்யும். நிழலில் நிற்கிற பிளாஸ்ரிக் பைப் நாலைந்து வருடம் உழைத்தால், வெயிலில் நிற்கிறது அதற்கு முதலே பொடியாகத் தொடங்கிவிடும். மண் கலந்து வருகிற கிணறு என்றால் திருகிற வகையையே வாங்குங்கள், அதில் வாசராவது மாற்றலாம்.

ஓஸ் (வளைகிற ரப்பர்க் குழாய்) மாட்டுகிறவர்கள் வாயைச் சுற்றி வரிவரியாக மேடு உள்ள பைப்பாகப் பார்த்து எடுங்கள். மொட்டை வாயில் ஓசைச் செருகிக் கம்பியால் கட்டி இழுத்தால் இழுவை முழுக்கத் திரெட்டில்தான் விழும்.

புதுப் பைப் போட்டு ஆறு மாசம், திரும்ப அதே இடத்தில ஒழுகுது.

பைப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உங்கள் பிரச்சினை பைப் இல்லை. நிலத்தில் இருந்து மேலே வருகிற அரை இஞ்சி எஸ்லோன் (பிவிசி) குழாய் தனியாக நின்றால், திறக்கிற ஒவ்வொரு தரமும் அது வளையும், மாடு வந்து உரசும், குரங்கு ஏறி இழுக்கும், பிள்ளைகள் ஓசோடு ஓடுவார்கள். அவ்வளவும் ஒரே ஒரு பொருத்தில் போய் விழுகிறது. எத்தனை பைப் மாற்றினாலும் அங்கே ஒழுகத்தான் செய்யும்.

பக்கத்தில் ஒரு கொங்கிறீட் தூணோ நல்ல முதிரைக் கட்டைத் துண்டோ ஒன்றரை அடி ஆழத்துக்கு இறுக்கி நட்டு, குழாயை இரண்டு இடத்தில் கிளிப் போட்டுப் பிடியுங்கள், ஒன்று பைப்புக்கு உடனே கீழே. கம்பியால் மட்டும் கட்டினால் கம்பி குழாயை வெட்டும், இடையில் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். வெயில் படுகிற குழாய்க்கு வெளிர் நிறப் பெயின்ற் ஒரு பூச்சு. கீழே ஓடுகிற குழாய் ஒரு அடியாவது ஆழத்தில் போனால் மண்வெட்டிக்கும் உழவு இயந்திரச் சில்லுக்கும் தப்பும். யானை வருகிற எல்லைக் கிராமங்களுக்கு என்னிடம் வழி இல்லை. தண்ணீர் மணம் பிடித்து வருகிற யானைக்கு முதிரையும் ஒன்றுதான் முருங்கையும் ஒன்றுதான்.

கம் பூசி ஒட்டின பிவிசிக் குழாய் விட்டுப் போகுது.

ஈரத்தில் ஒட்டியிருப்பீர்கள். குழாயை நேராக வெட்டி, பிசிறைச் சுரண்டி, ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, காயத் துடைத்து, இரண்டிலும் மெல்லிசாகக் கம் பூசிச் செருகும்போது கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் அது தானாகவே பின்னுக்குத் தள்ளி வரும். பிறகு அவசரப்பட்டுத் தண்ணீர் திறக்காதீர்கள். பின்னேரம் ஒட்டினால் விடியத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் பிழைக்காது, மாரியில் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

வால்வு சரியாகப் பூட்டாமல் சொட்டுச் சொட்டாக வந்து ஒட்டுகிற இடத்தை நனைத்துக்கொண்டே இருந்தால், பாணின் நடுப்பகுதியை உருட்டிக் குழாய்க்குள் தள்ளிவிடுங்கள். ஒட்டி முடிக்கும் வரை அது தண்ணீரை மறிக்கும், பிறகு கரைந்து போய்விடும். நுனியில் பைப் பூட்டுவதற்கு முன் தண்ணீரைத் திறந்து விட்டுப் பாண் எல்லாம் வெளியே வந்ததா என்று பாருங்கள். பழைய பிளம்பர்மாரின் வித்தை, கைகொடுக்கும்.

எங்களுக்குத் தாங்கி இல்லை, மோட்டரில இருந்து நேராத்தான் பைப்புக்கு வருது.

அப்படியானால் மோட்டர் ஓடும்போது பைப்பைப் பூட்டவே கூடாது. பதினைந்து அடி உயரத்தில் இருக்கிற தாங்கி அரை பார் அழுத்தம் கூடத் தராது, மோட்டர் நேரடியாகத் தள்ளும்போது அதைப்போல் பல மடங்கு. கால் சுற்று லீவரைப் படக்கென்று பூட்டினால் ஓடி வருகிற தண்ணீர் முழுக்க ஒரே அடியாக முட்டும், குழாயில் "டக்" என்று சத்தமே கேட்கும். அந்த அடியில்தான் பொருத்துகள் விடுகின்றன. மோட்டரை நிறுத்திவிட்டுப் பிறகு பூட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மெசினுக்கோ பீப்பாவுக்கோ ஓசால் தண்ணீர் விடும்போது ஓஸ் நுனியை மருந்துத் தண்ணீருக்குள் மூழ்க விடாதீர்கள். கரண்ட் நின்று தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி இறங்கினால் மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கிற புட் வால்வு இருக்கிறது என்று நம்ப வேண்டாம், அதுவும் ஒழுகிற சாமான்தான். நுனி எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

பைப் வாயில வெள்ளையாப் பிடிச்சு நிக்குது.

எங்கள் நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் வன்மையானது. மேற்கே, வடக்கே சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது, வவுனியாப் பக்கம் கருங்கல்லுக்குள்ளால். கேத்தில் அடியில் பிடிக்கிற அதே படிவுதான் வாசர் உட்காருகிற இடத்திலும் பிடிக்கும். கழற்றிய துண்டுகளை வினாகிரியில், இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியில், அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போகும். கக்கூஸ் கழுவுகிற அசிட் போடாதீர்கள், படிவோடு பைப்பும் போய்விடும்.

சொட்டுச் சொட்டாத்தானே போகுது, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?

ஒன்றரை லீற்றர்ப் போத்தலை அடியில் வைத்துப் பாருங்கள். ஆறு மணித்தியாலத்தில் நிரம்பினால் நாளுக்கு ஆறு லீற்றர், மாதத்துக்கு நூற்றியெண்பது. மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற நேரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆடி ஆவணியில் கிணறு சேறு காட்டும்போதுதான் எல்லோரும் பைப்பைப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை விடுவோம், கரண்ட் நின்ற இரவில் தாங்கி தானாக வற்றிக் கிடக்கும், விடிய முகம் கழுவ ஒன்றும் இராது. அதோடு பைப்படியில் கிடக்கிற வாளி, சிரட்டை, உடைந்த பானை. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது, டெங்கு அப்படியல்ல, அந்த நுளம்புக்குச் சிரட்டைத் தண்ணீரே போதும்.

பைப் ஒண்டும் ஒழுகேல்லை, ஆனால் தாங்கி இறங்குது.

இரவில் எல்லாவற்றையும் பூட்டித் தாங்கியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். முற்றத்து வால்வைப் பூட்டி ஒரு இரவு, திறந்து ஒரு இரவு பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வளவு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அங்கே கிண்டுங்கள். சபைத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இன்னும் சுகம்: எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரில் சின்னச் சில்லு சுற்றுகிறதா என்று பாருங்கள். மீற்றருக்கு வீட்டுப் பக்கம் உங்கள் பொறுப்பு, வீதிப் பக்கம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

நான் பிள்ளையளோட தனிய இருக்கிறன். இதெல்லாம் என்னால ஏலுமோ?

ஏலும் அக்கா. இதில் பலம் தேவைப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், இறுகிப்போன நட்டைக் கழற்றுவது. ஸ்பானரின் பிடியில் ஒரு அடி நீள ஜீஐ குழாய்த் துண்டைச் செருகினால் பாதிப் பலம் போதும். பூட்டும்போது மட்டும் அந்தத் துண்டைப் பாவிக்காதீர்கள். தாங்கி மேடையில் ஏறுகிற வேலை, சுவருக்குள் போன குழாய், மோட்டரின் கரண்ட் இணைப்பு, இந்த மூன்றுக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது எங்கே ஒழுகுது என்று நீங்களே சொல்லிவிட்டால் தேவையில்லாத சாமான் பட்டியல் வராது.

யூடியூப்பில ஒரு முழ நீளப் பைப்பைச் சுவருக்குள்ளால விடுறாங்கள். அது நல்லமோ?

அது பனி கொட்டுகிற நாட்டுக்கு. குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, அடைக்கிற இடத்தைச் சுவருக்கு உள்ளே சூடான பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மாங்குளத்தில் உறைய ஒன்றும் இல்லை.

கழட்டின பழைய பைப்பை என்ன செய்யிறது?

பித்தளை என்றால் எறியாதீர்கள், பழைய இரும்பு வாங்க வருகிறவர் நிறுத்துக் காசு தருவார். கொடுப்பதற்கு முன் கைப்பிடி, அதன் ஸ்குறூ, தண்டு, சின்ன நட் எல்லாவற்றையும் கழற்றி வாசர் போத்தலுக்குள் போட்டு வையுங்கள். அடுத்த வீட்டுப் பைப்புக்காவது உதவும்.